அட்மின் வீட்டு வயர்லெஸ் கார்டு

லேப்டாப்பின் கீல் உடைந்த விஷயத்தை அட்மின் ஒரு வாரம் வெளியே விடவில்லை. விட்டால் கேட்பார்களே. அறுபத்து நாலு வீடு உள்ள அந்தக் கட்டடத்தில் லினக்ஸ் சிஸ்டத்தில் ஓடுகிற தன்னுடைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் கெட்டே போகாதது என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். லிஃப்டில் ஏறினால் லினக்ஸ், இறங்கினால் லினக்ஸ். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவரைக்கூட உட்காரவைத்து, வைரஸ் ஏன் தன் வீட்டுப் படி ஏறாது என்று கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். வந்தவர் தண்ணீரே வேண்டாம் என்று போய்விட்டார்.

அட்மின் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குடியிருப்போர் குரூப்பைத் தொடங்கி, யாரைச் சேர்ப்பது யாரை நீக்குவது என்று முடிவு செய்கிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கும் பிடித்துப்போய், இப்போது தொலைபேசியில்கூட "நான் அட்மின் பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். பிழைப்புக்கு மருந்துக் கிடங்கு ஒன்றில் ஸ்டாக் பார்க்கிறார். எந்த அட்டைப்பெட்டி எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆள் மறதிக்காரர் இல்லை என்பது அவருடைய கட்சி. மனைவியின் கட்சி வேறு.

கீல் உடைந்த மூடியை ஒரு வாரம் அகராதி ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்திப் பார்த்தார். அகராதி வழுக்கி ஒருநாள் மூடி விரலில் விழுந்ததும், ஞாயிற்றுக்கிழமை ரிப்பேரக்கா கடைக்கு எடுத்துப் போனார். தெருமுனையில், ஜெராக்ஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற கடை. தெருவே அவளை அக்கா என்றாலும் வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. அட்மின் "என்னம்மா" என்று உரிமையோடு கூப்பிடுவார்.

"என்னம்மா, இந்தக் கீல் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கண்ணா."

"உள்ள ஒண்ணும் நோண்டிடாதே. இது லினக்ஸ். உனக்குப் பழக்கம் இருக்காது."

"கீலுக்கு எந்த சிஸ்டமும் தெரியாதுண்ணா," என்றாள் அவள், திருகுகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டபடி. பாவம், விஷயம் புரியாமல் பேசுகிறாள் என்று அட்மின் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு வந்தார்.

திங்கள் மாலை மனைவி கடைக்குப் போய் லேப்டாப்பை வாங்கி வந்தாள். மூடி வெண்ணெயாகத் திறந்தது. திரை வந்தது, பாஸ்வேர்டு கேட்டது, எல்லாம் வந்தது. வலது மூலையில் விசிறி மாதிரி விரிந்திருக்கும் வைஃபை குறியை மட்டும் காணோம்.

அட்மின் பதறவில்லை. பதறினால் அது லினக்ஸ் இல்லை. கறுப்புத் திரையைத் திறந்து, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, நெட்வொர்க் வழிகளையெல்லாம் பட்டியல் போடும் கமாண்டை அடித்தார். வயர் செருகுகிற வழி இருந்தது. காற்றில் வருகிற வழி இல்லை. பட்டன் எதிலாவது கைபட்டு அணைந்திருக்குமோ என்று அதற்கான கமாண்டையும் அடித்தார். அப்படி ஒன்றே இல்லை என்றது. மூன்று தடவை அணைத்துப் போட்டார். அப்புறம், பெட்டிக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கமாண்டை அடித்தார். அதில் வயர்லெஸ் கார்டு என்று ஒரு வரி வந்தது. கார்டு இருக்கிறது. ஆனால் அதைத் தயாரித்த கம்பெனி பெயரைப் பார்த்ததும் அட்மினுக்கு ஏதோ உறுத்தியது.

கிடங்கிலிருந்து கொண்டுவந்த நீளமான ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒன்று அவரிடம் உண்டு. லேப்டாப்பின் சகல விவரமும் அதில் சிவப்பு, நீல மையில் இருக்கும். புரட்டினார். 'வயர்லெஸ்' என்று கோடு போட்ட இடத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது வேறு கம்பெனியின் பெயர்.

அட்மின் இரண்டையும் நாலு தடவை ஒப்பிட்டார். கிடங்கில் ஒரு மருந்து இருக்க வேண்டிய தட்டில் வேறு மருந்து இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இருபது வருடமாக அவருக்குத் தெரியும்.

"மாத்திட்டா," என்றார் சமையலறைப் பக்கம் திரும்பி. "நல்ல கார்டை உருவிட்டு மட்டமானதை வெச்சு அனுப்பியிருக்கா."

மனைவி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அவளையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன். நாலு எட்டுல கடை."

"கேட்டா? எடுத்தவங்க யாராவது ஆமா நான்தான்னு சொல்லுவாங்களா?"

"எடுக்காதவங்க இல்லைன்னு சொல்லுவாங்கல்ல. அதையாவது கேட்டுக்கலாமே."

அட்மினுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. ஆதாரம் கையில் இருக்கும்போது எதற்குக் கேள்வி? ரெஜிஸ்டரை ஒரு படம், திரையை ஒரு படம் எடுத்தார். குரூப்பில் போட்டார். வாசகத்தை எப்படி அமைப்பது என்று யோசித்தே எழுதினார்: "அனைவரின் கவனத்துக்கு. தெருமுனை ரிப்பேர் கடையில் நம்பிக் கொடுத்த எனது லேப்டாப்பில் வயர்லெஸ் கார்டு மாற்றப்பட்டுள்ளது. ஆதாரம் இணைப்பில். விழிப்புடன் இருக்கவும்."

திருட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை என்பதில் அவருக்குத் திருப்தி. படித்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சொல்லைத்தான் படித்தார்கள்.

குரூப் பற்றிக்கொண்டது. கட்டைவிரல்கள் வரிசை கட்டின. "நல்ல வேளை சொன்னீங்க சார்" என்றார் ஒருவர். தரைத்தளத்துத் தையல்காரர், தன் போனை அவளிடம் கொடுத்து வாங்கியதிலிருந்து பேட்டரி மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவதாகவும், இத்தனை நாள் தன் விதி என்று நினைத்திருந்ததாகவும் எழுதினார். தையல்காரர் நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டே தைப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது மாடி டீச்சர் மட்டும் தனியாக எழுதினார். "சார், எங்க ஸ்கூல் லேப்ல நாப்பது மெஷின் இருக்கு. வருஷம் முழுக்க அதைப் பாத்துக்கற வேலைக்கு நான் அந்தப் பொண்ணைத்தான் சொல்லியிருந்தேன். புதன்கிழமை மதியம் பிரின்சிபல் முடிவு பண்றாங்க. நல்ல நேரத்துல கண்ணைத் திறந்தீங்க. அவ பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்."

"கடமையைச் செய்தேன்" என்று பதில் போட்டுவிட்டு அட்மின் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ரிப்பேரக்கா நாலு மாடி ஏறி வந்தாள். குரூப்பில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம், அவளுக்கு இல்லை. அட்மின் போட்டதை யாரோ அவளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். தோளில் கருவிப்பை. மூச்சு வாங்கியது. லிஃப்டில் ஏற வேண்டாம் என்று நினைத்திருப்பாள், ஏறினால் யாராவது கூட ஏறுவார்களே.

"அண்ணா, மெஷினை ஒரு நிமிஷம் காட்டுங்க. இப்படி நின்னபடியே பாத்துட்டுப் போயிடறேன்."

"நீங்க பாக்க வேண்டிய அவசியம் இல்லைங்க," என்றார் அட்மின்.

ஞாயிற்றுக்கிழமை 'நீ'. இன்றைக்கு 'நீங்க', கூடவே ஒரு 'ங்க'. மரியாதையைக் கூட்டினால் ஆள் எத்தனை தூரம் தள்ளிப்போவார் என்பது அவளுக்கும் தெரியும். ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கார்டை நான் தொடவே இல்லண்ணா. கீல் மாத்த அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பக்கத்துல செருகியிருந்தீங்களே, அதை மட்டும்தான் கழட்டி…"

"எங்கிட்ட எழுதி வெச்ச ஆதாரம் இருக்கு," என்று அட்மின் குறுக்கே புகுந்தார். எதிர்வீட்டுக் கதவு ஒரு மூக்கு அளவுக்குத் திறந்திருப்பதைக் கவனித்துவிட்டார். அந்த மூக்குக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "ஆதாரம் இல்லாம நான் பேசற ஆள் இல்ல. பழைய கார்டைக் கொண்டு வந்து குடுத்துட்டீங்கன்னா இத்தோட விட்டுடறேன். மேற்கொண்டு போக மாட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அட்மின் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, கதவிலிருக்கும் கண்ணாடித் துளை வழியே பார்த்தார். அவள் அங்கேயே நின்றிருந்தாள். பையின் வாரை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அப்புறம் படி இறங்கினாள்.

புதன்கிழமை கிடங்குக்கு விடுமுறை. அந்த மட்டமான கார்டையும் தன் கையால் ஓடவைத்துக் காட்டினால்தான் கதைக்கு ஒரு கம்பீரமான முடிவு வரும் என்று அட்மினுக்குத் தோன்றியது. காலை டிபன் முடிந்ததும் உட்கார்ந்தார்.

கார்டு என்பது வண்டி என்றால் அதை ஓட்டத் தெரிந்த சின்ன புரோகிராம்தான் டிரைவர். பாகங்களைப் பட்டியல் போடும் கமாண்டையே இன்னும் கொஞ்சம் நீட்டி அடித்தால், எந்த வண்டிக்கு எந்த டிரைவர், அவர் இப்போது வண்டியில் இருக்கிறாரா என்பதுவரை சொல்லும். அடித்தார். இந்தக் கார்டுக்கான டிரைவர் சிஸ்டத்திலேயே இருக்கிறது, ஆனால் வண்டியில் ஏறவில்லை என்று வந்தது. வினோதமாக இருந்தது. டிரைவரின் பெயரைச் சொல்லிக் கையால் ஏற்றினார்.

வைஃபை குறி விசிறியாக விரிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் பொலபொலவென்று கொட்டின. தன் வீட்டுப் பெயரைத் தொட்டார். நெட் வந்தது. சும்மா வரவில்லை, பறந்தது.

"எப்படி?" என்றார் காற்றைப் பார்த்து.

அணைத்துப் போட்டார். குறி மறுபடியும் காணோம். கையால் ஏற்றினால் ஏறுகிறது, தானாக ஏறமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் ஏறாதே என்று யாரோ எங்கேயோ எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த டிரைவரை உள்ளே விடாதே என்று தடைபோட்டு வைக்கும் ஃபைல்களுக்கென்று லினக்ஸில் ஒரு அறை இருக்கிறது. அட்மின் அந்த அறைக்குள் தேடினார். மூன்று ஃபைல் சிஸ்டத்தோடு வந்தவை. நாலாவது அப்படி இல்லை. போன வருடத் தேதி. திறந்தார்.

இரண்டே வரி. இரண்டாவது, தடை உத்தரவு. முதல் வரி, சிஸ்டம் படிக்காமல் தாண்டிப் போகும், மனிதர்களுக்காக மட்டும் எழுதப்படும் குறிப்பு. அதில் தமிழில் இப்படி இருந்தது: "உள்கார்டு சனியனை மூடியாச்சு. இனிமேல் பக்கத்துச் செருகிதான். இதை மறந்துடாதே."

வீட்டில் தமிழில் குறிப்பெழுதுகிற ஆள் ஒருவர்தான். சனியன் என்ற சொல்லை இயந்திரங்களுக்கு வழங்குகிற ஆளும் ஒருவர்தான்.

அட்மினுக்கு முதலில் காது மடல் சுட்டது. அப்புறம் கழுத்து. போன வருடம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தது. உள்ளே இருந்த கார்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்து, வெறுத்துப்போய், விரல் நகத்தளவே இருக்கும் ஒரு வைஃபை செருகியை வாங்கி லேப்டாப்பின் விலாவில் குத்தினார். இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்று உள்கார்டின் டிரைவருக்குத் தடை போட்டார். செருகி அவ்வளவு சின்னது, ஒரு வாரத்தில் அது லேப்டாப்பின் மச்சம் மாதிரி ஆகிவிட்டது. ரெஜிஸ்டரில் எழுதியபோது நெட் எதன் வழியாக வந்துகொண்டிருந்ததோ அதன் கம்பெனியை எழுதினார். 'செருகி' என்று ஒரு சொல் சேர்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த அப்டேட் ஏதோ ஒன்றில் உள்கார்டின் நோயும் குணமாகியிருக்க வேண்டும். அதைத்தான் அவர் திறந்தே பார்க்கவில்லையே.

எழுந்து போனார். மனைவி சாளரத்துக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை லேப்டாப்போட ஏதாவது குடுத்தாளா?"

"பில்லு குடுத்தா. பில்லோட ஒரு பிளாஸ்டிக் கவரைப் பின் அடிச்சிருந்தா. உள்ளே பூச்சி மாதிரி ஒண்ணு. உங்க மேஜை டிராயர்ல போட்டேன். ஏன்?"

டிராயரில் இருந்தது. கவர் மேலே நீல மையில், குண்டு குண்டு எழுத்தில்: "கீல் மாற்றக் கழற்றினேன். திரும்பச் செருகிக்கொள்ளவும்."

அட்மின் அந்தக் கவரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உடனே தோன்றியது என்ன என்று சொன்னால் அவர் மேல் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும், ஆனாலும் சொல்ல வேண்டியதுதான். இது வேறு யாருக்காவது தெரியுமா என்பதுதான் தோன்றியது.

மணி பத்தரை. மதியம் பள்ளியில் முடிவு.

முதலில், குரூப்பில் போட்டதை அழித்துவிடலாம் என்று விரலை வைத்தார். அழித்தால் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு கல்லறை மிஞ்சும். அழிக்காத செய்தியைவிட அதைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். விரலை எடுத்தார். புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தார். "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்து அடித்தார். "மேற்படி விஷயத்தில் மறு ஆய்வு செய்ததில்" என்று ஆரம்பித்து அதையும் அடித்தார். கடைசியில் எது போனது தெரியுமா? "நண்பர்களே, சிஸ்டம் அப்டேட் செய்தபின் என் வைஃபை பிரச்சினை தீர்ந்தது. அக்கறையுடன் விசாரித்தவர்களுக்கு நன்றி."

யாரும் விசாரித்திருக்கவில்லை. இப்போதுதான் விசாரித்தார்கள்.

"சூப்பர் சார். அப்போ அந்த மாத்தின கார்டு?" என்றார் இரண்டாவது மாடிக்காரர்.

"அது வேறு விஷயம்" என்று அட்மின் எழுதினார். எழுதி அனுப்பிய கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் போனிலும் குரூப் இருக்கிறது. திறந்திருந்த ஃபைலைப் படித்தாள், டிராயரைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள். அவளுக்கு லினக்ஸ் தெரியாது. தமிழ் தெரியும்.

"பொய் சொல்லறதுக்கும் உங்க லினக்ஸ்ல கமாண்ட் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொய் இல்ல. நெட்டு நிஜமாவே தீர்ந்… சரியாயிடுச்சு."

"அவ வந்து நின்னப்போ நான் உள்ளதான் இருந்தேன். நீங்க கதவைச் சாத்தினது கேட்டுது. நானும் வெளிய வரல." துணியை மறுபடி கையில் எடுத்தாள். "அதனால நான் உங்களை ரொம்பப் பேச முடியாது. போயிட்டு வாங்க."

நாலு மாடியையும் அட்மின் படியில்தான் இறங்கினார். லிஃப்டில் ஏறினால் யாராவது கூட ஏறுவார்களே.

கடையில் கூட்டமில்லை. வழக்கமாகப் புதன்கிழமை அலமாரியில் ஏழெட்டு லேப்டாப் சீட்டு ஒட்டி அடுக்கியிருக்கும். அன்று இரண்டு. கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது தூசியில் பதிந்திருந்த சதுரங்களைப் பார்த்தாலே தெரிந்தது. ரிப்பேரக்கா ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்து, தலைவிளக்கோடு குனிந்திருந்தாள்.

"நெட்டு வந்துடுச்சும்மா," என்றார் அட்மின் வாசலிலிருந்தே.

"சந்தோஷம் சார்."

சார். அட்மின் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார். நேற்று அவர் கொடுத்ததுதான், திரும்பி வருகிறது.

"ஒரு ஃபைல்ல… தடை மாதிரி ஒண்ணு இருந்துருக்கு. உள்கார்டுக்கு."

"இருக்கும். செருகி போட்டிருந்தீங்கன்னா உள்ளதை யாரோ மூடி வெச்சிருக்கணும். அதைத்தான் நேத்து சொல்ல வந்தேன். கதவு மூடிக்கிச்சு." தலை நிமிரவில்லை. "யாரு மூடினது?"

"அது… முன்னாடி எப்பவோ…"

"சரி சார்."

அவள் கேட்காமல் விட்டது கேட்டதைவிட மோசமாக இருந்தது. அட்மின் காலை மாற்றி நின்றார். வேறு ஒரு நல்ல மனிதர் இந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். இவர் சொன்னது: "இந்தச் செருகி விஷயம்… யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

இப்போது நிமிர்ந்தாள். தலைவிளக்கு நேராக அவர் முகத்தில் அடித்தது.

"எங்கிட்ட யாரு சார் கேட்டாங்க?"

அட்மின் கண்ணைச் சுருக்கினார். அவள் விளக்கை அணைத்தாள். அணைத்த பிறகும் அவரால் கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை.

"நான் டீச்சர்கிட்ட தனியா பேசிடறேன். இப்பவே. ஸ்கூல் வேலை உனக்கே…"

"அறுபத்து நாலு வீட்டுக்குச் சொன்னதை ஒருத்தர்கிட்ட தனியா சொன்னா சரியாயிடுமா சார்?" கோபமாகக் கேட்கவில்லை. இந்தத் திருகு அந்த ஓட்டையில் உட்காருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அப்புறம் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அட்மின் கடைக்கு வெளியே, சலூன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். டீச்சருக்கு அடித்தார். வகுப்பில் இருப்பார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. மணி பன்னிரண்டாகப் போகிறது. குரூப்பைத் திறந்தார். ஃபைலைப் படம் எடுத்தது போனில் இருந்தது, எதற்காக எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கவரையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டையும் போட்டு எழுத ஆரம்பித்தார். 'மாற்றப்பட்டுள்ளது', 'தெரிய வந்துள்ளது' என்று யாரும் செய்யாமல் தானாகவே நடந்துவிடுகிற மாதிரி வாக்கியங்கள்தான் விரலில் வந்தன. ஒவ்வொன்றையும் அழித்து 'நான்' என்று ஆரம்பித்தார். அனுப்பும்போது மணி பன்னிரண்டு இருபது.

ஒன்றேகாலுக்கு டீச்சரே கூப்பிட்டார்.

"படிச்சேன் சார்." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "ஆனா பன்னெண்டு மணிக்கே வேற கடைக்காரர் வந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டார். நான்தான் இவ பேரை எடுக்கச் சொன்னேன். இப்ப நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு…"

"நான் வந்து பிரின்சிபல்கிட்ட பேசட்டுமா?"

"வாங்க. பேசுங்க. வேலை திரும்பி வராது, ஒரு வருஷத்துக்குப் போயிடுச்சு. அவ பேரு மேல இருக்கறதையாவது துடைச்சுட்டுப் போங்க."

போனார். பிரின்சிபல் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள், பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே போய், செருகி என்றால் என்ன, டிரைவர் என்றால் என்ன, தான் எப்படி மறந்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னார். நாலு வருடமாக அவர் ஆசைப்பட்டது இதற்குத்தான், தன் லினக்ஸ் கதையை ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்பதற்கு. பிரின்சிபல் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், "அடுத்த வருஷம் அவங்களைக் கூப்பிடறோம். நீங்க இதை முதல்லயே அவங்களைக் கேட்டிருக்கலாம்" என்றார். மனைவி சொன்ன அதே வாக்கியம். இந்தத் தடவை ஒரு அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி கடைக்கு வந்தார். தையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த போன் அவருடையதுதானாம். குரூப்பில் அப்படி எழுதிவிட்டு, தெருவில் வேறு ரிப்பேர் கடை இல்லாததால் இங்கேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அட்மினைப் பார்த்ததும் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். அட்மின் வாசலில் நின்று பள்ளி விஷயத்தைச் சொன்னார். ஒரு வருடத்துக்குப் போய்விட்டது. நாப்பது மெஷின்.

ரிப்பேரக்கா கேட்டுக்கொண்டாள். கையில் வெள்ளைப் பசை. பசையைத் துணியில் துடைத்தாள். ஒரு விரல், அடுத்த விரல், அடுத்தது.

"குரூப்புல ஏதோ போட்டிருக்கீங்களாமே," என்றாள். "நான் அதுல இல்லை. படிங்க, கேக்கறேன்."

"அனுப்பி வைக்கறேனே."

"கை பசையா இருக்கு சார்."

கை துடைத்தாயிற்று. அட்மின் அதைச் சொல்லவில்லை. போனை எடுத்தார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், சலூனில் கத்தரி சத்தம் நின்றிருந்தது. படித்தார்.

"நான் போன வருடம் என் லேப்டாப்பின் உள்கார்டை நானே மூடிவிட்டு, ஒரு செருகி வாங்கிப் போட்டேன். அதை மறந்துவிட்டேன். மறக்காதே என்று நானே எழுதி வைத்ததையும் மறந்துவிட்டேன். ரிப்பேர் கடைக்காரர் அந்தச் செருகியைக் கழற்றி, கவரில் போட்டு, எழுதியும் கொடுத்தார். நான் கவரைப் பார்க்கவில்லை. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து சொல்ல முயன்றார். நான் கேட்கவில்லை. நான் காலையில் போட்ட அப்டேட் கதையும் பொய். அவர் என் கார்டைத் தொடவே இல்லை. அவரைத் திருடி என்று சொல்லாமல் சொன்னது நான். நான் சொன்னது தப்பு."

படித்து முடித்துப் போனைத் தாழ்த்தினார். தையல்காரரின் நாடா சுருண்டு முடிந்து, அவிழ்ந்து, மறுபடி சுருளத் தொடங்கியிருந்தது.

"கடைசி மூணு வரியை இன்னொரு தடவை படிங்க," என்றாள் ரிப்பேரக்கா. "இவருக்குக் காதுல விழல போலிருக்கு."

"விழுந்துதும்மா," என்றார் தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"பரவாயில்ல. படிக்கட்டும்."

அட்மின் போனை மறுபடி கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "அவர் என் கார்டைத் தொடவே இல்லை," என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து முனையில் ஒரு பஸ் திரும்பியது. கடையின் கண்ணாடி அதிர்ந்தது. அந்த இரைச்சலில் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது, சொல்லிவிட்டதாகவும் கணக்காகிவிடும். அட்மின் அதை நினைக்காமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு, பஸ் போகும்வரை நின்றார். போனது. புகை அடங்கியது. விட்ட இடத்திலிருந்து, "அவரைத் திருடி என்று சொல்லாமல் சொன்னது நான். நான் சொன்னது தப்பு," என்று உரக்கப் படித்தார்.